பிரிகேடு மாறுகிறது, கம்பெனி மாறுகிறதா?

2025 ஜூலை 26, கார்கில் வெற்றி நாள். திராசில் பேசிய ராணுவத் தலைமைத் தளபதி உபேந்திர திவிவேதி 'ருத்ரா' என்ற புதிய வகை பிரிகேடுகளை அறிவித்தார். காலாட்படை, இயந்திரக் காலாட்படை, டாங்கி, பீரங்கி, சிறப்புப் படை, ஆளில்லா விமானம் எல்லாம் ஒரே பிரிகேடுக்குள் இருக்கும். இரண்டு காலாட்படை பிரிகேடுகள் ஏற்கெனவே இப்படி மாற்றப்பட்டுவிட்டன என்றும் சொன்னார். ஊடகங்கள் வரைபடம் போட்டு விளக்கின. எந்தப் பிரிகேடில் எத்தனை டிரோன், எத்தனை பீரங்கி என்றெல்லாம் விவாதித்தார்கள். அந்தப் பிரிகேடில் எந்தச் சாதிக்காரர் எந்தக் கம்பெனியில் நிற்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது கேட்கக்கூடாத கேள்வி போலிருக்கிறது.

நாம் கேட்போம். ஏனென்றால், இந்திய ராணுவத்தின் மறுசீரமைப்பு வரலாறு என்பதே சாதியை எங்கே வைப்பது என்ற வரலாறுதான். ஒவ்வொரு முறை படையைக் கலைத்து அடுக்கியபோதும் நம் மக்களில் ஒரு பகுதி உள்ளே வந்தது, அல்லது வெளியே தள்ளப்பட்டது.

முதலில் அடிப்படை. காலாட்படைப் பிரிகேடு என்றால் பொதுவாக மூன்று பட்டாலியன்கள், சுமார் 3,000 பேர், தலைமையில் ஒரு பிரிகேடியர். பட்டாலியனுக்குள் கம்பெனிகள். கம்பெனிதான் சிப்பாயின் வீடு. அங்கேதான் உண்கிறான், உறங்குகிறான், குண்டடிபட்டால் பக்கத்தில் இருப்பவன் தூக்கிச் செல்கிறான். எனவே, சாதி ஆளை எங்கே பிடிக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பிரிகேடைப் பார்த்தால் போதாது, கம்பெனியைப் பார்க்க வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மூன்று படைகள் இருந்தன. வங்காளம், சென்னை, பம்பாய். வங்காளப் படையில் பெரும்பகுதி அவத், பீகார் பகுதிகளின் பார்ப்பனரும் ராஜபுத்திரரும். அவர்களுடைய சமையலுக்கும் சடங்குக்கும் ஏற்றபடிதான் அந்தப் படையே நடந்தது. சென்னை, பம்பாய் படைகளின் கதை வேறு. அங்கே சாதிவாரியாகக் கம்பெனி பிரிக்கப்படவில்லை. பறையரும் முஸ்லிமும் தெலுங்கரும் ஒரே வரிசையில் நின்றார்கள். பம்பாயில் மகரும் மராத்தாவும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஊரில் நிழல்பட்டாலே தீட்டு என்றிருந்த காலத்தில், பணிமூப்புக் கணக்கில் ஒரு மகர் சுபேதார் ஆகி, தன்னைவிட 'உயர்ந்த' சாதிச் சிப்பாய்க்குக் கட்டளையிட முடிந்தது. சாதியை ஒழிக்க வேண்டும் என்ற நோக்கம் வெள்ளையருக்கு இருந்ததாக நாம் சொல்லவில்லை. ஆள் தேவைப்பட்டது, எடுத்தார்கள். ஆனால் விளைவு விளைவுதான்.

பீமா கோரேகான் இந்தக் கலப்புப் படையின் போர். 1818 சனவரி 1 அன்று பேஷ்வாவின் பெரும்படையை எதிர்த்து நின்றவர்கள் சுமார் 800 பேர். பம்பாய்க் காலாட்படையின் ஒரு பட்டாலியன், கொஞ்சம் குதிரைப்படை, சென்னைப் பீரங்கிப் படையினர் சிலர். நினைவுத்தூணில் உள்ள 49 பெயர்களில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிபவை, அதாவது மகர்கள். '500 மகர்கள் 28,000 பேரை வீழ்த்தினார்கள்' என்று நம் தோழர்கள் சுவரொட்டி அடிக்கும்போது ஒன்றைத் தவறவிடுகிறோம். மகர்கள் தனியாக நின்றதைவிட, மற்றவர்களோடு ஒரே வரிசையில் சமமாக நின்றதுதான் பேஷ்வாவின் புனேவில் கனவிலும் நடக்காத காரியம்.

1857 எல்லாவற்றையும் மாற்றியது. கலகம் செய்தது வங்காளப் படை. 1859இல் பீல் குழு அறிக்கை தந்தது. வெள்ளைச் சிப்பாய்க்கும் இந்தியச் சிப்பாய்க்கும் விகிதம் வங்காளத்தில் ஒன்றுக்கு இரண்டு, சென்னையிலும் பம்பாயிலும் ஒன்றுக்கு மூன்று என்று ஆனது. பீரங்கி கிட்டத்தட்ட முழுவதும் வெள்ளையர் கைக்குப் போனது. இந்தியர் கையில் களப் பீரங்கி வந்தது 1935இல்தான், பெங்களூரில் 'ஏ பீல்ட் பிரிகேடு' எழுப்பப்பட்டபோது. பிரிகேடு என்ற அமைப்பே இந்த அவநம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. ஒரு பிரிகேடில் ஒரு வெள்ளைப் பட்டாலியன் கட்டாயம் இருக்கும். மீதிதான் இந்தியப் பட்டாலியன்கள். இரண்டாம் உலகப் போர் வரை இதுதான் வழக்கம். இந்தியர் மீது ஒரு கண் வைக்க வெள்ளைப் பட்டாலியன். இந்தியர் தங்களுக்குள் ஒன்றாகிவிடாமல் இருக்க சாதி.

அந்த இரண்டாவது காவல் உடனே வரவில்லை. பீல் குழு எல்லாச் சாதியையும் ஒவ்வொரு ரெஜிமெண்டிலும் கலந்து வை என்றுதான் சொன்னது. கலந்தால் ஒன்றாகிவிடுவார்களே என்ற பயம் பிறகு வந்தது. 1879இன் ஈடன் குழுவுக்குப் பின், ஒருவரோடு ஒருவர் ஒட்டாதபடி தனித்தனிப் பெட்டிகளாகப் படையைப் பிரிக்கும் சிந்தனை வலுத்தது. அதற்கு ஒரு 'அறிவியலும்' கிடைத்தது. போர்க்குணம் உள்ள இனங்கள், போர்க்குணம் அற்ற இனங்கள் என்ற கோட்பாடு. இதன் பெரிய பூசாரி ராபர்ட்ஸ் பிரபு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதி, அதன் பின் 1893 வரை இந்தியா முழுமைக்கும் தளபதி. தெற்கத்தி ஆள் சண்டைக்கு லாயக்கில்லை என்பது அவர் முடிவு. வடமேற்கில் ரஷ்யன் வருவான், அவனை எதிர்க்கப் பஞ்சாபியும் கூர்க்காவும் பட்டாணியும்தான் வேண்டும் என்றார்.

இந்தக் கோட்பாட்டை அண்ணல் அம்பேத்கர் பின்னாளில் பாகிஸ்தான் பற்றிய நூலில் பிரித்துப் போட்டார். படையில் எந்த வட்டாரத்தார் எத்தனை பேர் என்ற கணக்கை ஆண்டுவாரியாக எடுத்து வைத்து, போர்க்குணம் என்பது பின்னால் கண்டுபிடித்த சாக்கு என்று காட்டினார். 1857இல் யார் எதிர்த்தார்களோ அவர்கள் போர்க்குணம் இழந்தார்கள், யார் உதவினார்களோ அவர்களுக்குப் போர்க்குணம் வந்துவிட்டது. ஆனால் இந்த விதியும் நமக்குப் பொருந்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னைப் படை கலகம் செய்யவில்லை. பம்பாய் மகர்கள் கலகம் செய்யவில்லை. விசுவாசமாக இருந்தவனும் வெளியே போனான். காரணம் எளிது: படையைச் சாதிவாரிக் கம்பெனிகளாக அடுக்கத் தொடங்கியதும், சாதி இந்துக்களின் வசதிதான் அளவுகோல் ஆனது. அவர்கள் மகர் சுபேதாருக்கு சல்யூட் அடிக்க மாட்டார்கள். எனவே மகர் சுபேதார் இருக்கக்கூடாது.

1892-93 வாக்கில் மகர்களுக்கு ஆள்சேர்ப்புக் கதவு மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1891இல், மோவ் ராணுவக் குடியிருப்பில் சுபேதார் ராம்ஜி சக்பாலுக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். ராம்ஜி ராணுவப் பள்ளியில் ஆசிரியர். படை வீரர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு கட்டாயம் என்ற ஏற்பாட்டால்தான் அந்தத் தலைமுறை மகர் குடும்பங்களில் எழுத்து நுழைந்தது. ஆண்களுக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும். ஓய்வூதியம், உடுத்த நல்ல துணி, ஊருக்கு வெளியே ஓர் உலகம், எல்லாமே அந்தக் கதவு வழியாகத்தான் வந்தன. அது மூடியபோது போனது வெறும் வேலை அல்ல.

போராட்டமும் பட்டாளத்துக்காரர்களிடமிருந்தே தொடங்கியது. ஓய்வுபெற்ற ராணுவ வீரர் கோபால் பாபா வலங்கர் 1894இல் படைத் தளபதிக்கு மனு எழுதினார். சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே 1910இல் லண்டனில் இருந்த இந்திய அமைச்சருக்கு மனு அனுப்பினார். வலங்கரின் மனுவில் மகர்கள் முன்பு சத்திரியர்களாக இருந்தவர்கள், பின்னர் தாழ்த்தப்பட்டவர்கள் என்ற வாதம் வருகிறது. இன்று படிக்கும்போது நமக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. மனிதன் என்று சொல்லி வேலை கேட்க முடியாத இடத்தில் சத்திரியன் என்று சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. வர்ணத்தின் பூட்டைத் திறக்க வர்ணத்தின் சாவியையே தேடினார்கள். அரசு அசையவில்லை.

சென்னையில் இன்னும் நுட்பமாக நடந்தது. இங்கே ரெஜிமெண்டுகளைக் கலைத்தது பாதி, பெயரை வைத்துக்கொண்டு ஆளை மாற்றியது மீதி. 1895இல் மூன்று மாகாணப் படைகளும் ஒன்றாக்கப்பட்டன. 1903இல் கிச்சனர் எல்லா ரெஜிமெண்டுகளுக்கும் புது எண் கொடுத்தார். சென்னை ரெஜிமெண்டின் பழைய எண்ணோடு 60 கூட்ட வேண்டும், பம்பாய் என்றால் 100. இரண்டாம் சென்னைக் காலாட்படை 62 ஆனது. ஆனால் 62ஆம் 'சென்னை' அல்ல, 62ஆம் 'பஞ்சாபிகள்'! ஆறாவது சென்னை 66ஆம் பஞ்சாபிகள். இருபத்திரண்டாவது சென்னை 82ஆம் பஞ்சாபிகள். இப்படியே 67, 69, 72, 74, 87 என்று வரிசையாக. தமிழரையும் தெலுங்கரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் சிந்திய இரத்தத்தில் கிடைத்த போர் விருதுகளைக் கொடியில் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே பஞ்சாபிகளை நிரப்பினார்கள்.

மிஞ்சிய கர்நாடிக் காலாட்படைப் பட்டாலியன்களை 1922 மறுசீரமைப்பில் மூன்றாம் சென்னை ரெஜிமெண்ட் என்று சேர்த்தார்கள். 1920களின் இறுதிக்குள் அதையும் கலைத்தார்கள். துப்பாக்கியோடு மண்வெட்டியும் சுமந்து சாலை போட்ட சென்னைப் பயனியர் படை 1933இல் போனது. பறையர்கள் பெருமளவில் இருந்த ராணி விக்டோரியா சென்னை சாப்பர்ஸ் மட்டும் பெங்களூரில் தப்பியது. பாலம் கட்டவும் சுரங்கம் தோண்டவும் ஆள் வேண்டும் அல்லவா? எந்த வேலைக்கு நம்மை வைத்துக்கொண்டார்கள் என்பதைப் பாருங்கள். பஞ்சாபிலும் இதே கதை. தலித் சீக்கியரான மஜபிகளுக்குக் கிடைத்தது சீக்கியப் பயனியர் படை. 1895இல் பனி மூடிய ஷந்தூர் கணவாயைக் கடந்து சித்ரால் கோட்டையை மீட்கப் போனவர்கள் அந்த 32ஆம் பயனியர்கள். 1933இல் அவர்களும் கலைக்கப்பட்டார்கள். ஜாட் சீக்கியரின் ரெஜிமெண்டுகள் அப்படியே இருந்தன.

போர் வந்தால் போர்க்குணமும் வந்துவிடும். முதல் உலகப் போரில் ஆள் தட்டுப்பாடு ஏற்பட்டதும் 1917இல் 111ஆம் மகர்கள் என்ற ரெஜிமெண்டை எழுப்பினார்கள். போர் முடிந்தது, 1921இல் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போரிலும் இதையே செய்யப் பார்ப்பார்கள் என்று அண்ணலுக்குத் தெரியும். 1941 ஜூலையில் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று பெல்காமில் மகர் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் எழுந்தது. அதே நாளில் பஞ்சாபில் மஜபி, ராம்தாசியா சீக்கியர் ரெஜிமெண்டும் எழுந்தது. பிறகு அதன் பெயர் சீக்கிய இலகு காலாட்படை. சென்னை ரெஜிமெண்டையும் தூசி தட்டி எடுத்தார்கள். 1943 மார்ச் 1 அன்று சமார் ரெஜிமெண்ட் பிறந்தது. அதன் முதல் பட்டாலியன் 268ஆம் பிரிகேடில் சேர்க்கப்பட்டு பர்மாப் போர்முனைக்குப் போனது. தோல் வேலைக்காரன் என்று ஊர் ஒதுக்கியவர்கள் ஜப்பானியரோடு மோதினார்கள்.

1946இல் சமார் ரெஜிமெண்ட் கலைக்கப்பட்டது. நேதாஜியின் படையைச் சுட மறுத்ததால் கலைத்தார்கள் என்ற செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. போருக்காக எழுப்பிய பல பிரிவுகளை அந்த ஆண்டில் கலைத்தார்கள். கேட்க வேண்டியது வேறு. கலைத்த பின் மிஞ்சிய பட்டியலில் ஜாட் இருந்தது, ராஜ்புத் இருந்தது, டோக்ரா இருந்தது. சமார் ஏன் இல்லை? 2017இல் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் இதே கேள்வியைப் பாதுகாப்பு அமைச்சகத்திடம் கேட்டது. ரெஜிமெண்ட் திரும்பவில்லை.

சுதந்திர இந்தியா என்ன செய்தது? ஒரு நல்ல காரியம் செய்தது. 1949இல் தளபதி கரியப்பா காவலர் பிரிகேடை உருவாக்கினார். பெயரில்தான் பிரிகேடு, உண்மையில் அது ஒரு ரெஜிமெண்ட். எல்லா மாநிலத்தாரும் எல்லாச் சாதியாரும் கலந்து நிற்கும் முதல் காலாட்படை ரெஜிமெண்ட். பழம்பெருமை வாய்ந்த நான்கு பட்டாலியன்களை எடுத்து அதை அமைத்தார்கள்: பஞ்சாப், கிரனேடியர்ஸ், ராஜ்புதானா ரைபிள்ஸ், ராஜ்புத். இதில் முதலாவதாக வைத்த பஞ்சாப் பட்டாலியனின் பூர்வீகம் தெரியுமா? 2ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டிலிருந்து வந்தது. அந்த ரெஜிமெண்டின் பட்டாலியன்கள் அனைத்தும் 1903க்கு முன் சென்னைக் காலாட்படை. கோரமண்டல் கரையின் சிப்பாய்கள் தொடங்கிய பட்டாலியன் பஞ்சாபி ஆகி, இப்போது எல்லோருக்கும் பொதுவாகியிருக்கிறது.

கரியப்பா காட்டிய வழியில் ராணுவம் முழுவதும் போயிருக்கலாம். போகவில்லை. புதிதாகச் சாதிப் பெயரில் ரெஜிமெண்ட் எழுப்ப மாட்டோம் என்றார்கள், பழையதைத் தொடவில்லை. விளைவு, கதவை மூடும்போது உள்ளே இருந்தவன் உள்ளேயே இருந்தான். சீக்கிய ரெஜிமெண்டையும் சீக்கிய இலகு காலாட்படையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மதம், ஒரே மொழி, ஒரே குரு, ஒரே தலைப்பாகை. முதலாவது ஜாட் சீக்கியருக்கு, இரண்டாவது மஜபிக்கும் ராம்தாசியாவுக்கும். லங்கரில் ஒரே பந்தியில் அமரச் சொன்ன மதத்தின் வீரர்களை இரண்டு ரெஜிமெண்டாகப் பிரித்து வைத்திருப்பது வெள்ளைக்காரன் அல்ல. அவன் போய் எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன.

மகர் ரெஜிமெண்ட் நிலைத்தது. 1946இல் இயந்திரத் துப்பாக்கி ரெஜிமெண்டாக மாற்றப்பட்டு, பின்னர் காலாட்படையாகி, இன்று பல சமூகத்தவரும் கலந்த ரெஜிமெண்டாக இருக்கிறது. தொப்பியில் முதலில் கோரேகான் தூண் சின்னமாக இருந்தது; பிறகு எடுத்துவிட்டார்கள். இந்த ரெஜிமெண்டிலிருந்து இரண்டு பேர் இந்தியாவின் தலைமைத் தளபதி ஆனார்கள்: கே.வி. கிருஷ்ணாராவ், கே. சுந்தர்ஜி. இருவருமே மகர் அல்லர். செங்கல்பட்டில் பிறந்த சுந்தர்ஜிதான் 1980களில் காலாட்படை டிவிஷன்களில் சிலவற்றை டாங்கியும் கவச வாகனமும் கொண்டு வேகமாக நகரும்படி மாற்றியமைத்தார். இன்றைய ருத்ராவின் தாத்தா என்று அதைச் சொல்லலாம். திறமையான தளபதி, மறுக்கவில்லை. ஆனால் சிப்பாயை எடுக்கும்போது சாதி பார்க்கும் ராணுவம் அதிகாரியை நியமிக்கும்போது மட்டும் 'சாதியற்றதாக' ஆகிவிடுவதன் சூட்சுமத்தை நாம் கவனிக்கத்தான் வேண்டும். ஜாட் ரெஜிமெண்டிலும் ராஜ்புத் ரெஜிமெண்டிலும் இதே விதிதான் என்பார்கள். சரி. அப்படியானால் அதிகாரிகளில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? ராணுவத்தில் நமக்கு இடஒதுக்கீடு கிடையாது. 'ராணுவத்தில் சாதிக் கணக்கு எடுப்பதில்லை' என்பது வழக்கமான பதில்.

கணக்கு எடுக்காதவர்களுக்குக் குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படை மட்டும் விதிவிலக்கு. அதில் ஜாட், ராஜ்புத், ஜாட் சீக்கியர் மூவரைத்தான் சேர்ப்பார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது ராணுவம் சொன்ன விளக்கம்: சடங்குப் பணிக்கு ஒரே மாதிரி உயரமும் தோற்றமும் வேண்டும். கே.ஆர். நாராயணன் குடியரசுத் தலைவராக இருந்தபோதும், ராம்நாத் கோவிந்த் இருந்தபோதும் அவர்களைச் சுற்றி நின்றவை இந்த மூன்று சாதிகள்தான். நாட்டின் முதல் குடிமகனாக ஒரு தலித் வரலாம், அவருடைய குதிரைவீரனாக வர முடியாது.

சமார் ரெஜிமெண்டை மீண்டும் எழுப்பு என்று வடக்கில் நம் தோழர்கள் கேட்கிறார்கள். யாதவர்கள் அகிர் ரெஜிமெண்ட் கேட்டு 2022இல் குருகிராமில் போராடினார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'சாதிவெறி' என்று எழுதிய ஆங்கிலப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒன்று சொல்வோம். ஜாட், ராஜ்புத் என்ற பெயர்ப் பலகைகள் தொங்கும் தெருவில் நம் பலகையை மட்டும் சாதி என்று சொல்ல முடியாது. அதே நேரம், நம் கோரிக்கை இன்னொரு பலகையாக இருக்க வேண்டுமா என்றும் நமக்குள் பேச வேண்டும். அண்ணல் 1941இல் மகர் ரெஜிமெண்ட் கேட்டது மூடிய கதவைத் திறக்க. திறந்த பின் அந்த ரெஜிமெண்ட் எல்லோருக்குமானதாக ஆனது. அதை நாம் இழப்பாகக் கருதவில்லை. மற்றவர்கள் ஏன் அப்படி ஆகவில்லை என்பதே நம் கேள்வி.

2022 ஜூனில் அக்னிபாத் திட்டம் வந்தபோது, இனி எல்லா ரெஜிமெண்டுகளிலும் அகில இந்திய, எல்லாச் சாதி அடிப்படையில் ஆளெடுப்போம் என்று அறிவித்தார்கள். நூறாண்டுக் கோரிக்கை, நான்கு ஆண்டு ஒப்பந்த வேலையோடு சேர்த்துக் கட்டித் தரப்படுகிறது. ஓய்வூதியம் கிடையாது, நான்கில் ஒருவருக்கு மட்டுமே தொடர்ந்து பணி. வலங்கரும் ராம்ஜியும் பட்டாளத்தால் பெற்றது எதுவோ, அந்த நிலையான சம்பளமும் ஓய்வூதியமும் பிள்ளைகளின் படிப்பும், அதை எடுத்துவிட்டுத்தான் கதவை எல்லோருக்கும் திறக்கிறார்கள். அந்த ஜூலையிலேயே இன்னொரு சர்ச்சை கிளம்பியது. விண்ணப்பதாரர்களிடம் சாதிச் சான்றிதழ் ஏன் கேட்கிறீர்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. இது புதிதல்ல, சுதந்திரத்துக்கு முன்பிருந்தே உள்ள நடைமுறைதான் என்று பதில் வந்தது. சான்றிதழ் இன்றும் கேட்கப்படுகிறது.